கௌரவமான வசவு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கம்மா, எனக்குக் காத்து ஆகாது. புதுக்கோட்டைதானே? நானும் அங்கதான் போறேன். என்ன, ரொம்ப நேரமா என் வாயையே பாக்குறீங்க. தனியா முணுமுணுக்குதே இந்தம்மான்னா? மந்திரம் இல்லம்மா, பேச்சு. பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ் ஒண்ணுல பதினோரு மணிக்கு நான் பேசணும். தலைப்பு அவங்களே குடுத்தது, ‘இணையத்தில் இனிய சொல்’. அளவெடுத்துத் தச்ச ஜாக்கெட் மாதிரி எனக்குன்னே பொருந்தற தலைப்பு. ஆனா என் கதை தெரிஞ்சவங்க சிரிக்கிறாங்க. நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க, சிரிக்க என்ன இருக்குன்னு.

என் பேரு குணசுந்தரி. ‘மொட்டைமாடித் தோட்டம்’ குணசுந்தரி. கேள்விப்பட்டதில்லையா? பரவால்ல, தோட்டம் போடாதவங்களும் உலகத்துல இருக்கணும்ல.

பேஸ்புக்ல குரூப்பும்மா. முப்பத்தெட்டாயிரம் பேர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி திருவெறும்பூர்ல எங்க வீட்டு மாடியில நாலு பெயின்ட் வாளியில கத்திரி வச்சு ஆரம்பிச்சேன். இன்னைக்கு சிங்கப்பூர்லருந்து ஒரு அம்மா, பால்கனிப் புதினாவுல வெள்ளை வெள்ளையா வந்திருக்கு, என்ன செய்யட்டும்னு என்னைக் கேக்குது. மோர் தெளிங்கன்னேன். நான் எதுக்கும் மோர்தான் சொல்லுவேன். செடி போனாலும் சண்டைக்கு வர மாட்டாங்க, மோர்தானேன்னு விட்டுருவாங்க.

எங்க வீட்டுக்காரர் ராஜமாணிக்கம், மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். தண்ணி தூக்கறது, மண்ணு கலக்கறது, பந்தல் கட்டறது அவரு. போட்டோ எடுத்துப் போடறது நான். வேலைய சமமாப் பிரிச்சிருக்கோம்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, த. மங்கையர்க்கரசி வர்ற வரைக்கும்.

பேரைப் பாருங்க. இனிஷியலோட. வேற யாராவது பேஸ்புக்ல இனிஷியல் போடுவாங்களா? கரூர்ப் பொண்ணு. வந்த மூணாவது நாளு, நான் ஒரு ரோஜாப்பூ படம் போட்டு ‘இனிய காலை வணக்கம் சொந்தங்களே’ன்னு எழுதியிருந்தேன். எண்ணூறு பேர் திருப்பி வணக்கம் சொல்றாங்க. இவ எழுதறா, ‘இது செடி பற்றிய கேள்வியும் இல்லை, தகவலும் இல்லை. குழுவின் நான்காம் விதிப்படி வாழ்த்துப் பதிவுகளுக்கு அனுமதி இல்லை.’

விதிய எழுதுனதே நான்தாம்மா. அது மத்தவங்களுக்கு.

சரி, புதுசு, போகட்டும்னு விட்டேன். அடுத்த வாரம் கத்திரி இலையில ஒரு பொறிவண்டு. அழகா இருந்துச்சு. ‘நன்மை செய்யும் பூச்சி, கொல்லாதீர்கள்’னு போட்டேன். அஞ்சு நிமிஷத்துல இவ. ‘முதுகில் இருபத்தெட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. மினுமினுப்பு இல்லை. இது கத்திரி இலையைத் தின்னும் வண்டு. கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.’ வண்டோட முதுகுல புள்ளி எண்ணற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? முப்பத்தெட்டாயிரம் பேர் முன்னாடி ஒரு அட்மின்கிட்ட பேசற பேச்சா இது? என் செடி பத்து நாள்ல மொட்டையாப் போனது வேற விஷயம். வெயில் அப்படி.

இப்படித்தான் எல்லாத்துக்கும். யாராவது ‘கொஞ்சம் மண்புழு உரம் போடுங்க’ன்னா, கொஞ்சம்னா எத்தனை கிராம்னு கேப்பா. ‘இந்தச் செடிய வாரம் ஒருக்கா நறுக்குங்க’ன்னா, எந்த இடத்துல நறுக்கணும்னு கோடு போட்ட படம் போடுவா. ஒரு சிரிப்பு பொம்மை கிடையாது, ஒரு அக்கா தங்கச்சி கிடையாது. அவ சொன்னதைச் செஞ்சு செடி பொழச்சவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா செடி மட்டும் பொழச்சாப் போதுமாம்மா, மனுஷங்களுக்கு மனசு வேண்டாமா?

குரூப்ல எனக்கு அடுத்த அட்மின் துறையூர் சுதாகர். நாப்பது வயசு ஆளு, செல்போன் கடை வச்சிருக்காரு. கிரிக்கெட் குரூப், சினிமா ரசிகர் குரூப்னு பத்து எடத்துல இருப்பாரு. அவருகிட்ட போன்ல அழாத குறையாச் சொன்னேன். அவரு சிரிக்கிறாரு. ‘அக்கா, இந்த மாதிரி கேசுக்கு நெட்ல இப்ப ஒரு பேரு இருக்கு. ஆட்டிசம். எங்க கிரிக்கெட் குரூப்ல எவனாவது புள்ளிவிவரம் தூக்கிட்டு வந்தான்னா, ஆட்டிசமாடான்னு ஒரு வார்த்தை. ஆளு அவுட்டு.’

எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீங்களே யோசிச்சுப் பாருங்க. லூசுன்னு எழுதுனா நம்ம தரம் என்னாவறது. மெண்டல்னா யாராவது கேஸ் கீஸ் போட்டுட்டா? இது இங்கிலீஷு. டாக்டருங்க வாயில வர்ற வார்த்தை. சுகர், பிரஷர் மாதிரி கௌரவமா இருக்கு. திட்டுன மாதிரியும் ஆச்சு, அக்கறையா விசாரிச்ச மாதிரியும் ஆச்சு. அர்த்தம் தெரியுமான்னா, தெரியாம என்ன, அளவுக்கு மீறி விவரம் பேசறவங்களுக்கு வர்றது. சுதாகர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

மறுநாள் மண்புழு உரத்துக்கு அவ எட்டு வரி எழுதியிருந்தா. அடியில நான் ஒரே வரிதான் போட்டேன். ‘ஏம்மா, உங்களுக்கு ஆட்டிசமா?’

மரியாதையாத்தாம்மா கேட்டேன். ‘உங்களுக்கு’ன்னுதான் போட்டேன்.

அறுநூத்திப் பன்னண்டு பேர் சிரிச்சாங்க. அத்தனை சிரிப்பு என் பொங்கல் வாழ்த்துக்குக்கூட விழுந்ததில்ல. அதுக்கு அவ பதில் போடறா, ‘ஆமாம். பதினொரு வயதில் மருத்துவர் சொன்னார். ஒரு தொட்டிக்கு இருநூறு கிராம் போதும்.’

எல்லாரும் பதிலுக்கு நக்கல் பண்றான்னு நெனச்சோம். நானும்தான். நெசமா இருக்கறவ அதை இப்படி ரேஷன் கார்டு நம்பர் சொல்ற மாதிரியா சொல்லுவா? அதுவும் பொம்பளைப் பிள்ளைக்கு? அதெல்லாம் பையன்களுக்கு வர்றதுன்னு சுதாகர் சொல்லியிருந்தாரு.

அப்புறம் குரூப்பே கலகலன்னு ஆயிருச்சும்மா. தொட்டிக்கு அடியில எத்தனை ஓட்டைன்னு கேட்டா, ஆட்டிசம். விதை போட்ட தேதி எழுதுனா, ஆட்டிசம். ஒருத்தர் தன் செடிக்கெல்லாம் பேரெழுதி அட்டை குத்தி வச்சிருந்தாரு, பாவம், ஒரு வாரம் அவரை விடல. ரெண்டு மூணு பேரு மட்டும் தனியா இன்பாக்ஸ்ல வந்து, ‘அக்கா, எங்க பிள்ளைக்கு இருக்கு, அந்த வார்த்தை வேண்டாமே’ன்னாங்க. நான் ஒவ்வொருத்தருக்கும் கும்பிடற கை பொம்மை போட்டு, ‘உங்களைச் சொல்லலம்மா’ன்னு பதில் குடுத்தேன். யாரையும் பதில் இல்லாம விட்டதில்ல நான்.

டிக்கெட் எடுத்துட்டீங்கள்ல? சரி.

சுரைக்காய்க்கு வர்றேன்.

ஆடியில போட்ட கொடி. நல்ல காய், ஆள் கை நீளம். நறுக்கி நுனி நாக்குல வச்சுப் பாத்தா கசக்குது. அவருக்குச் சர்க்கரை இருக்கு. கசப்புன்னாலே சர்க்கரைக்கு மருந்துதானே, பாகக்காய் குடிக்கலையா? காயோட நின்னு ஒரு படம் எடுத்துப் போட்டேன். ‘கசந்தால் தூக்கி எறியாதீர்கள் சொந்தங்களே, கசப்பே மருந்து. நாளைக் காலை எட்டு மணிக்கு என் கணவர் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறார். முடிவைப் படத்துடன் சொல்கிறேன்.’ ஆயிரத்துக்குக் கிட்ட லைக்கு.

வந்துட்டா. ‘கசக்கும் சுரைக்காயைச் சாப்பிடக் கூடாது. பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. இது விஷம். வாந்தி வரும், ரத்தமும் வரலாம், ரத்த அழுத்தம் குறையும். உங்கள் கணவரைக் குடிக்க விடாதீர்கள்.’

‘பாவம், ஆட்டிசம் முத்திருச்சு’ன்னு போட்டேன். சிரிப்பு கொட்டுது. அவ விட்டாளா? அதே நாலு வரிய மறுபடி போடறா. யாரு ‘சூப்பர் அக்கா’ன்னு எழுதுனாலும் அவங்களுக்குக் கீழ போயி அதே நாலு வரி. பத்தொம்பது தடவை. ஒரு எழுத்து மாறல. சாயங்காலம் அவளை ஏழு நாளைக்கு எழுத முடியாம மியூட் பண்ணி வச்சேன். குரூப்புன்னா ஒரு ஒழுக்கம் வேணும்ல.

காலையில எட்டு மணி. சொம்புல குடுத்தேன். அவரு ஒரு வாய் குடிச்சுட்டு, ‘ரொம்பக் கசக்குது, குணா’ன்னாரு. ‘மருந்து இனிக்குமா? போட்டோ எடுக்கணும், மூஞ்சிய நல்லா வையுங்க’ன்னேன். முழுசாக் குடிச்சாரு. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல நான் குடுத்ததை அவரு திருப்பிக் குடுத்ததே இல்ல. அன்னைக்குத்தான் குடுத்தாரு. அரை மணி நேரத்துல ரெண்டு தடவை.

அசிடிட்டின்னு நெனச்சேன். இஞ்சி நசுக்கிச் சாறு எடுத்துட்டு வர்றேன், போன் அடிக்குது. குரூப் பக்கத்துல என் நம்பர் போட்டிருப்பேன்.

‘நான் மங்கையர்க்கரசி. உங்க கணவர் குடிச்சாரா?’

ஒரு வணக்கம் இல்ல. நல்லா இருக்கீங்களா இல்ல. ‘அவருக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்’னேன்.

‘வாந்தி எடுத்தாரா?’

‘ரெண்டு தடவை.’

‘எத்தனை மணிக்குக் குடிச்சாரு, எவ்வளவு?’

‘எட்டுக்கு. ஒரு சொம்பு.’

‘வாயில எதுவும் குடுக்காதீங்க. இஞ்சி, மோர் எதுவும். உடனே ஆஸ்பத்திரி போங்க. கசப்புச் சுரைக்காய் சாறு, எட்டு மணி, ஒரு சொம்பு, இதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா அவங்களுக்குத் தெரியாது. வண்டி இருக்கா?’

‘ஆட்டோ கூப்பிடணும்.’

‘கூப்பிடுங்க. ஆட்டோ வர்ற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.’

வைக்கலம்மா. நான் திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், ‘ஆட்டோ வந்துச்சா’ன்னு ஒரே கேள்வி. அதுக்குள்ள மூணாவது தடவை எடுத்தாரு. அது செவப்பா இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா மொதல்ல கேட்டதே, என்ன சாப்பிட்டாருன்னுதான். அவ சொன்ன மாதிரியே மூணையும் ஒப்பிச்சேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு, ‘கசந்துச்சுன்னு தெரிஞ்சேவா குடுத்தீங்க?’ன்னுச்சு. பிரஷர் இறங்கிக்கிட்டே வந்துருச்சாம். சரியான நேரத்துக்கு வந்தீங்க, அதைவிட சரியாச் சொன்னீங்கன்னாங்க. ரெண்டு நாள் ஐசியூ. அவரு செருப்பை ஒரு கேரிபேக்ல போட்டு என் கையில குடுத்துட்டாங்க. அதை மடியில வச்சுக்கிட்டு வெளியில உக்காந்திருந்தேன். அந்த ரெண்டு நாளைப் பத்தி நான் பேசறதில்லம்மா.

அவ மட்டும் காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் பண்ணுவா. ‘பிரஷர் எவ்வளவு?’ சொன்னா, ‘சரி’. வச்சுருவா. ஆறுதலா ஒரு வார்த்தை? மூச். சொந்தக்காரங்க அத்தனை பேரும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, பிரஷர் எவ்வளவுன்னு யாரும் கேக்கல. அதுதானம்மா பண்பாடு.

வீட்டுக்கு வந்தாச்சு. கடவுள் புண்ணியத்துல பொழச்சாருன்னு ஒரு பதிவு போட்டு, படத்தோட முடிச்சுக்கலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி இவரு என்ன பண்ணிட்டாரு தெரியுமா? குரூப்ல ஆறு வருஷமா இருக்காரு, ஒரு லைக்குகூடப் போட்டதில்ல. அன்னைக்கு எழுதறாரு. ‘நான் ராஜமாணிக்கம். சுரைக்காய்ச் சாறு குடித்தவன் நான்தான். மங்கையர்க்கரசி பத்தொன்பது முறை சொன்னார். அவரைப் பேச விடாமல் செய்து, நோயின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் போன் செய்ததால் இருக்கிறேன்.’

பக்கத்து ரூம்ல உக்காந்துதாம்மா எழுதியிருக்காரு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நானே திருத்திக் குடுத்திருப்பேன்.

அவ்வளவுதான். இத்தனை நாளா சிரிச்ச அத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில மனசாட்சி வந்துருச்சு. அறுநூத்திப் பன்னண்டு சிரிப்புல பாதி காணாமப் போச்சு, ஒவ்வொருத்தரா எடுத்துட்டாங்க. விழுப்புரத்துலருந்து ஒருத்தர், தன் பொண்ணுக்கு இருக்குன்னும், தினம் இந்தக் குரூப்ல செடி பாக்கறதுதான் அதுக்குப் பிடிச்ச வேலைன்னும், இந்த வார்த்தை வர்றப்பெல்லாம் போனைத் திருப்பி வச்சுக்குவேன்னும் எழுதியிருந்தாரு. நாலு மாசமாத் திருப்பி வச்சிருந்தவரு இன்னும் நாலு நாள் திருப்பி வச்சிருந்தா என்ன?

இதுல உச்சம் சுதாகர். ‘மாற்றுத்திறன் கொண்டோரின் கண்ணியம் காப்போம்’னு ரெண்டு பக்கம். கடைசி வரியில, அட்மின் பொறுப்பிலிருந்து அக்கா தார்மீகமாக விலக வேண்டும்னு வேற. யாரு சொல்லிக் குடுத்த வார்த்தைடான்னு கேக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? கேக்கல. எனக்குன்னு ஒரு தரம் இருக்கு.

கடைசியில இவரு சொன்னாரு, ‘கரூர் போயி அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வருவோம்.’ நான் கமென்ட்லயே மன்னிப்புப் போட்டுருவேனேன்னேன். ‘நீ வர்றதுன்னா வா, நான் போறேன்’னாரு. போனேன். அவரைத் தனியா அனுப்ப முடியுமா, உடம்பு தேறாத ஆளு.

வீட்டைப் பாத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்மா. மாடியே கிடையாது. ஆஸ்பெட்டாஸ் கூரை. மொட்டைமாடித் தோட்டம் குரூப்ல இருந்துக்கிட்டு இத்தனை பேசியிருக்கா. கொல்லையில போட்டிருக்கா எல்லாத்தையும். நல்லாத்தான் இருந்துச்சு, சொல்லக்கூடாதுன்னு இல்ல. முப்பது வயசு இருக்கும் பொண்ணுக்கு. பெட்ஷீட்டு ஏத்துமதி பண்ற கம்பெனியில துணியில இழை விட்டிருக்கான்னு பாத்துச் சொல்ற வேலை. குத்தம் கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம், குடுத்து வச்சவ. என் மூஞ்சிய ஒரு தடவைகூடப் பாக்கல. என் தோளுக்குப் பக்கத்துல இருந்த காலண்டரைப் பாத்துப் பேசுனா. இவருகிட்ட மட்டும், ‘இப்ப பிரஷர் எவ்வளவு?’ன்னா. நூத்தி இருபதுன்னாரு. ‘சரி’ன்னா. மொகத்துல ஏதோ ஒரு சந்தோஷம்.

நான் மொறையாத்தாம்மா ஆரம்பிச்சேன். ‘தெரியாமச் சொல்லிட்டேன்மா, மனசுல வச்சுக்காத. உனக்கு நெசமாவே இருக்குன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?’

அவ காலண்டரையே பாத்துக்கிட்டு, ‘நான்தான் சொன்னேனே. ஆமாம்னு எழுதினேனே’ன்னா.

‘அது நீ வெளையாட்டுக்குச் சொன்னேன்னு நெனச்சோம்.’

‘நீங்க கேட்டது வெளையாட்டா? கேள்விக்குறி போட்டிருந்தீங்க. கேள்வின்னு நெனச்சுப் பதில் சொன்னேன். அது திட்டுன்னு சாயங்காலம் எங்கம்மா சொன்னப்பதான் தெரியும்.’

‘அதான் தெரியாமச் சொல்லிட்டேன்னு…’

‘எது தெரியாம? எனக்கு இருக்குன்னு தெரியாமலா, அது திட்டறதுக்கான வார்த்தை இல்லைன்னு தெரியாமலா?’

கேலி பண்றாளோன்னு பாத்தேன். இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறா. இதுக்கு என்னம்மா பதில் சொல்றது? ‘ரெண்டும்தான்’னேன். மன்னிப்புக் கேக்க வந்த மனுஷிய வாசல்ல நிறுத்திப் பரீட்சை வைக்கிறது நல்லாவா இருக்கு?

அப்புறம் சொல்றா, ‘சிரிச்சவங்க பேரையெல்லாம் நான் படிச்சேன். அதுல நாப்பத்தி மூணு பேர் என்கிட்டச் செடி பத்திக் கேட்டவங்க. நான் சொன்னதைச் செஞ்சு பொழச்சிருச்சுன்னு நன்றி எழுதினவங்க. அவங்க ஏன் சிரிச்சாங்கன்னு எனக்குப் புரியல. நாலு நாள் யோசிச்சேன். வேலைக்குப் போகல.’

பாத்தீங்களா, எப்படிப் பேரு பேரா ஞாபகம் வச்சிருக்கா? எனக்கெல்லாம் யாரு சிரிச்சா யாரு அழுதான்னு மறுநாளே மறந்துரும். மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன்.

அவங்கம்மா காபி கொண்டுவந்தாங்க. சத்துணவுக் கூடத்துல வேலை பாத்து ஓய்வு பெத்தவங்க, அமைதியான ஆளு. டம்ளரைக் கையில குடுத்துட்டுச் சொன்னாங்க, ‘இவளுக்குப் பதினொரு வயசு வரைக்கும் ஊர்ல எத்தனையோ பேரு வச்சாங்க. திமிரு பிடிச்சவ, காத்து கருப்பு, கிறுக்கு. டாக்டர் இந்த வார்த்தையச் சொன்னப்ப நான் அழலங்க. அப்பாடா, என் பொண்ணுக்கு ஒரு நல்ல பேரு கிடைச்சுதுன்னு இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டீங்க.’

நான் என்னம்மா எடுத்தேன் அவங்க வீட்டுலருந்து? காபி நல்லா இருந்துச்சு, சக்கரைதான் தூக்கல்.

இவரு டம்ளரைக் கீழ வச்சாரு. அப்புறம் அவளோட கொல்லைக்குப் போனாரு. நானும் அந்தம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஒரு மணி நேரம். கத்திரியில காய்ப்புழுவ எப்படிப் பிடிக்கறதுன்னு ரெண்டு பேரும் என்னென்னமோ பேசறாங்க. நடுவுல இவரு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. யாரு சிரிக்கிறதுன்னு மொதல்ல எனக்கு வெளங்கலம்மா. அந்தச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

கிளம்பறப்ப அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. ‘அந்த வார்த்தைய வசவா எழுதக்கூடாதுன்னு ஒரு விதி போடுங்க.’ ‘போட்டுட்டாப் போச்சு’ன்னேன். சொன்னா சொன்ன சொல் மாற மாட்டேன் நான்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே செஞ்சேன். குரூப்ல அதுக்கு ஒரு வசதி இருக்கும்மா. ஒரு வார்த்தையக் குடுத்துட்டா, அது இருக்கற பதிவு, கமென்ட் எதுவா இருந்தாலும் தானா நின்னுரும், வெளியவே வராது. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, தப்புத் தப்பா எழுதுவாங்கன்னு இன்னும் நாலு விதம், எல்லாத்தையும் போட்டேன். பழசையும் உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சேன். மூணு நாளாச்சு, கண்ணு எரிச்சல். யாருக்காகச் செஞ்சேன் சொல்லுங்க.

அதுக்கும் கொறை. அந்த விழுப்புரத்துக்காரரு, ‘ஆட்டிசம் உள்ள என் மகள் முதல்முதலாக வளர்த்த அவரை’ன்னு படத்தோட ஒரு பதிவு போட்டிருக்காரு. வரல. எப்படி வரும்? அந்த வார்த்தைய எழுதுனா வராதுன்னு விதி. ‘அந்த ஒரு வார்த்தைய எடுத்துட்டுப் போடுங்க சார், அவரை நல்லா இருக்கு’ன்னு மரியாதையாத்தான் சொன்னேன். போடவே இல்ல அந்த மனுஷன். இன்னொரு அம்மா, அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எந்தச் செடி தொட்டுப் பாக்க நல்லா இருக்கும்னு கேட்டிருக்கு, இந்த வார்த்தை இல்லாமச் சுத்தி வளைச்சு. அதுக்கு மங்கையர்க்கரசி, ‘எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, சின்ன வயதில் எனக்கு ஓமவல்லி இலை பிடிக்கும்’னு ஆரம்பிச்சு எழுதியிருக்கா. அழிஞ்சுருச்சு. திருப்பி எழுதியிருக்கா. அழிஞ்சுருச்சு. மூணு தடவை.

அப்புறம் எனக்கு இன்பாக்ஸ்ல எழுதறா. ‘நான் வார்த்தையைத் தடுக்கச் சொல்லவில்லை. வசவைத் தடுக்கச் சொன்னேன்.’

என்ன வித்தியாசம்னு எனக்கு இன்னும் வெளங்கல. ‘உன் நல்லதுக்குத்தாம்மா’ன்னு கும்பிடற கை போட்டேன். மறுநாள் குரூப்பை விட்டுப் போயிட்டா. சொல்லிட்டுக்கூடப் போகல. பின்னாடியே ஒரு ரெண்டாயிரம் பேர் போனாங்க. வேற ஒரு குரூப்பு ஆரம்பிச்சிருக்காங்களாம். எங்க வீட்டுக்காரர்தான் அங்க அட்மின்ல ஒருத்தர். காலையில எழுந்ததும் போனை எடுத்துட்டு மாடிக்குப் போயிருவாரு. நான் சேரணும்னு கேட்டா, மொதல்ல மூணு கேள்விக்குப் பதில் எழுதணுமாம். பொண்டாட்டிக்கே கேள்வித்தாள். ரெண்டாவது கேள்வி, ‘இதற்கு முன் யாரையாவது புண்படுத்தியிருந்தால், எப்படி என்று எழுதவும்.’ என்ன எழுதறதுன்னு தெரியாம அப்படியே கெடக்கு.

சனியன் விட்டுதுன்னு எங்க குரூப்பு மறுபடி கலகலன்னு ஆயிருச்சு. சனங்க பழகுன வாயி சும்மா இருக்குமா, இப்ப யாராவது ரொம்ப விவரம் கேட்டா, ‘என்ன, நீங்க கரூரா?’ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. அது ஊரு பேருதானே, அதுல என்ன தப்பிருக்கு. சுதாகர்கூட இருக்காரு, அவருதான் மொதல்ல ஆரம்பிச்சாரு. ராசியாயிட்டோம்.

ஆனா ஒண்ணு, மத்த குரூப் மாதிரி இல்ல. நாங்க சுத்தமா வச்சிருக்கோம். அவங்க போனதுக்கப்புறம் முப்பத்தாறாயிரம் பேர், அதுல ஒருத்தருக்குக்கூட ஆட்டிசம் கிடையாது. நம்பலன்னா போனை எடுங்கம்மா, நம்ம குரூப்ல போயி அந்த வார்த்தையப் போட்டுத் தேடிப் பாருங்க. ஒண்ணும் வராது.